பொட்டு வைத்த பேட்

பாலிஷ் பேட் தானாகச் சாவதில்லை. ஆள்தான் அதைச் சாகடிக்கிறான். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். காடிக்குப் பாலிஷ் போடுகிற வட்டப் பஞ்சு அது. எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பெயர். சின்னச் சோற்றுத் தட்டு அகலம், இரண்டு விரல் கனம், முதுகில் மெஷினோடு ஒட்டிக்கொள்ள ஒரு சொரசொரப்புத் துணி. அவ்வளவுதான் பேட். ஒழுங்காக வைத்துக்கொண்டால் மாதக்கணக்கில் உழைக்கும். என் அண்ணன் கையில் அது இரண்டு வாரம் தாங்காது. நடுவில் கருகி, ஓரம் பிய்ந்து, முதுகுத் துணி கழன்று தொங்கும். தூக்கிக் குப்பைத் தொட்டியில் போடுவான். "சாமான் சரியில்லைலா" என்பான். சாமானாம், சாமான்! தன் கை சரியில்லை என்று ஒரு நாளாவது சொல்லியிருப்பானா? மாட்டான்.

அண்ணனுடைய பாலிஷ் கடை ஆயர் ஈத்தாமில், பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால், அடுக்கு வீடுகளுக்குக் கீழே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் நான் பாயான் பாரு பக்கத்து எலக்ட்ரானிக் பெக்டரியில் இருந்தேன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. ஒரு தலைமுடி விழுந்தாலும் சூப்பர்வைசர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அந்த எட்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் பெரிய தூசி. பிறகு ஆள் குறைப்பு என்று சொல்லி எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"சும்மாதானே இருக்கே, கடைக்கு வா. துணி, பேட்டெல்லாம் கழுவிக் கொடு" என்றான் அண்ணன். கல்யாணமாகாத தங்கச்சி, வேலையும் இல்லை, வேறென்ன செய்வாள் என்று அவனுக்கு நினைப்பு. போனேன். பாயான் பாருவில் பழைய பெக்டரிக் கூட்டாளிகள் இரண்டு பேரோடு வாடகைக்கு இருந்தேன். தினமும் இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போவேன்.

முதல் வாரம் நான் பார்த்த கோலத்தை என்னவென்று சொல்ல! அண்ணன் மெஷினைக் காடி மேல் வைத்தான் என்றால் தன் உடம்பு பாரம் முழுவதையும் அதன் மேல் போடுவான். மசாலா அரைக்கிற நினைப்பு. பேட்டிலிருந்து புகை வரும். "பாரு, எப்படி வேலை செய்யுது!" என்று பெருமை வேறு. வேலை முடிந்ததும் பூசிய பாலிஷ் மருந்தோடு பேட்டை அப்படியே தரையில் எறிவான். மத்தியான வெக்கையில் அது சிமெண்டாகக் காய்ந்துவிடும். மறுநாள் தூணில் நாலு தட்டு தட்டி மறுபடி மாட்டுவான். முரட்டு மருந்துக்கும் அதே பேட், நைஸ் மருந்துக்கும் அதே பேட். கழுவுவது அண்ணி. கொதிக்கிற தண்ணீரில் சோப்புத் தூளும் துணி வெளுக்கிற குளோராக்சும் கொட்டி, ஊற வைத்து, சேலையைப் பிழிவதுபோல் முறுக்கி, தகரக் கூரையின் மேல் வெயிலில் போடுவாள். முதுகுத் துணியை ஒட்டியிருக்கிற பசை உருகாமல் என்ன செய்யும்? புருஷன் பாதிக் கொலை செய்வான், பெண்டாட்டி மீதியை முடித்து வைப்பாள். நல்ல ஜோடிப் பொருத்தம்.

நான் வந்து எல்லாவற்றையும் மாற்றினேன். மெஷினிலிருந்து இறங்கிய பேட் காய்வதற்குள் தண்ணீருக்குள் போக வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடுதான், அதற்கு மேல் கூடாது. பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு. கட்டை விரலால் அமுக்கி அமுக்கி மருந்தை வெளியே தள்ள வேண்டும், முறுக்கவே கூடாது. பிறகு பேட்டை மெஷினில் மாட்டி, காலி வாளிக்குள் இறக்கி ஒரு சுற்றுச் சுற்றினால் தண்ணீர் எல்லாம் வாளிச் சுவரில் தெறித்துவிடும். நிழலில், கம்பித் தட்டின் மேல், பஞ்சு கீழே பார்க்கவும் துணி மேலே பார்க்கவும் கவிழ்த்துக் காய வைப்பேன். அப்போதுதான் ஈரம் பசைக்குள் இறங்காது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிளாஸ்டிக் பை. பாதி ஈரத்தில் போட்டால் நம் ஊர் மழைக்கு மூன்றே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். எந்தப் பேட் எந்த மருந்துக்கு என்று பை மேலேயே எழுதி வைத்தேன். ஒரே பேட்டைச் சாகும்வரை ஓட்டாதே, மூன்று நாலை மாற்றி மாற்றி ஓட்டு, ஒன்று ஆறட்டும் என்று அண்ணனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கதவு ஒன்று, பானெட் ஒன்று முடிக்கும்போதெல்லாம் பழைய டூத் பிரஷால் பேட்டைத் தேய்த்துவிட்டால்தான் அடுத்ததைத் தொட விடுவேன்.

"என்னலா, பேட்டுக்குத் தாலாட்டும் பாடுவியா?" என்று கிண்டலடித்தான். அண்ணி கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரிக்கட்டும். முதல் செட் பேட் மூன்று மாதம் தாண்டியும் மெத்தென்றுதான் இருந்தது. காடிகளும் சுழி இல்லாமல் வெளியே போயின. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தெரியுமே, அந்தக் கீறலைத்தான் நாங்கள் சுழி என்போம். கறுப்புக் காடிக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும். எங்கள் கடையில் சுழி விழாது என்று பேர் பரவியது. அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கேன் சார்." நான் பத்தடி தள்ளி வாளிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன். என் காதுபடவே சொன்னான்.

சரி, பேர்தானே, எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது மெஷின். அதைக் காடி மேல் ஓட்ட வேண்டும். பேட் எங்கே சூடாகிறது, எப்போது மருந்து காய்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். கேட்டால், "பொம்பளைப் பிள்ளைக்குக் கை உதறும், காடி பாழாயிடும்" என்பான். அட மடையா, தினம் சாயங்காலம் வாளிக்குள் அதே மெஷினைச் சுற்றுவது யார்? வாளிக்குள் உதறாத கை காடி மேல் மட்டும் உதறுமா? விடாமல் நச்சரித்தேன். கடைசியில், சாமி படத்துக்கு நேராகக் கையை நீட்டி, "சரிலா, ஆயுத பூஜை முடிஞ்சு வர்ற முதல் காடி உனக்கு. போதுமா?" என்றான். போதும் என்றேன். மெஷின் என் கைக்கு வரும் என்று அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

அந்த முதல் காடி எது என்றும் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. அரசாங்க ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். நெற்றியில் திருநீறு, கையில் எந்நேரமும் குடை. அவருடையது பழைய கறுப்புக் காடி. தன் காடியை யாரையும் தொட விடாதவர். பூஜைக்கு அடுத்த வாரம் மகளுக்குக் கல்யாணம், பெண் அதில்தான் கோயிலுக்குப் போக வேண்டுமாம். கொடுப்பதற்கு முன்னால் மூன்று தடவை வந்து கடையை நோட்டம் பார்த்தார். பைகளில் கட்டி வரிசையாக வைத்திருந்த பேட்டுகளுக்கு முன்னால் நின்று, "இது ஆர் செய்யிற வேலை?" என்று கேட்டார். "நம்ம முறைதான் சார்" என்றான் அண்ணன். அவர் என் ஈரக் கையைப் பார்த்தார். பூஜைக்கு மறுநாள் காலையில் காடியைக் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் காடிக்காக நான் வீட்டிலேயே பழகினேன். நாலு மாதத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு மஞ்சள் பேட்டைத் தூக்கி எறிந்திருந்தான், முதுகுத் துணி ஒரு பக்கம் கழன்றுவிட்டதாம். பஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் குப்பையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய பசையைத் தின்னரால் துடைத்து, செருப்புத் தைப்பவர்கள் பூசுகிற பசையைப் பூசி, ஒரு நாள் முழுக்க அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன். கல்லாக ஒட்டிக்கொண்டது. எங்கள் அறையின் இரும்பு அலமாரிக் கதவில் அதைக் கையாலேயே சுற்றிச் சுற்றிப் பழகுவேன். அலமாரிக் கதவு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. பழகி முடித்ததும் கழுவிக் காய வைத்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவேன். கூட்டாளிகள் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பூஜைக்கு முந்தின நாள் கடையில் இருந்த ஏழு பேட்டையும் கழுவி, காய்ந்ததைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பையில் போட்டு வைத்துவிட்டு வந்தேன். பூஜை நாள் காலையில் எழுந்தால், அட கடவுளே, எனக்கு நாள் வந்துவிட்டது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது.

சொல்லாமல் போயிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எனக்கும் அப்போது பயம்தான். சின்ன வயசிலிருந்து ஊட்டி வளர்த்த பயம். நாங்கள் இருந்த வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடையிலிருந்து அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஐயோ, நல்ல நாள்ல பாத்தா! சரி சரி, மூணு நாளைக்குக் கடைப் பக்கம் தலை காட்டாதே. தலைக்குக் குளிச்சிட்டு வா."

"நாளைக்கு வர்ற காடி என் காடி அண்ணி. அண்ணே சொல்லியிருக்காரு."

"கல்யாணக் காடியைத் தீட்டோட தொடுவியா நீ? அதெல்லாம் அண்ணே பாத்துக்குவாரு" என்று வைத்துவிட்டாள்.

அன்றும் மறுநாளும் அறையில் உட்கார்ந்து அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் கீழ்க்கடைக்காரர் கூப்பிட்டார், எனக்குப் போன் என்று. அண்ணி. ஹலோகூடச் சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்லு. முந்தா நாளே உனக்கு ஆயிடுச்சா? தீட்டோட பேட்டெல்லாம் தொட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெள்ள மெள்ள விஷயம் வந்தது. காலையில் பெரியவரின் காடியை அண்ணன் எடுத்திருக்கிறான். கடைக்குள் நல்லாத்தான் தெரிந்ததாம். சாயங்காலம் வெளியே தள்ளி வெயில் பட்டதும் பார்த்தால், பானெட்டிலிருந்து பின்பக்கம் வரை சுழி. சாதாரணச் சுழி இல்லை, ஆணியால் வட்டம் போட்டதுபோல். பெரியவர் வந்து பார்த்திருக்கிறார். "என்ன தம்பி, நான் விட்டிட்டுப் போகேக்க இப்பிடியே இருந்தது?" என்று மட்டும் கேட்டாராம். "நாளைக்கு நாலு மணிக்கு வருவன். நான் தந்த மாதிரி இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"எத்தனை மணிக்கு ஆச்சு? பேட்டைத் தொட்டப்ப வயிறு வலிச்சுதா? சாமி காரியம் பாரு, உடனே காட்டிடுச்சு" என்று அண்ணி கேட்டுக்கொண்டே போனாள். கடைக்குள் நாலு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு ஆச்சு என்று பதில் சொல்ல வேண்டும். போனை டக்கென்று வைத்துவிட்டேன். பயத்தில் இல்லை, கோபத்தில்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். மூன்றாம் நாள். தலைக்குக் குளிக்கவில்லை. மடியில் பிஸ்கட் டின்.

கடைக்குள் நுழைந்ததும், "ஏய், ஏய், அங்கேயே நில்லு!" என்று அண்ணி கத்தினாள். நான் நிற்கவில்லை. ஏழு பேட்டும் மேஜை மேல் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் சிவப்பாக ஒரு கறை. எடுத்துப் பார்த்தேன். சந்தனம், குங்குமம். ஏழுக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள்!

மெஷினுக்குப் பொட்டு வை, கம்ப்ரெசருக்கு வை, தூணுக்கு வை, உன் நெற்றியில் குழைத்து அப்பிக்கொள். யார் வேண்டாம் என்றது? பஞ்சில் வைப்பார்களா? அதுவும் எப்படி? பையிலிருந்து வெளியே எடுத்து, வாழை இலையில் மல்லாக்கப் பரப்பி, திருநீறு தூவி, பொட்டு வைத்து, மேலே பொரி கடலையைக் கொட்டிப் படைத்திருக்கிறார்கள். பொரி என்றால் மணலில் வறுத்தது. தின்றவர்களுக்குத் தெரியும், பல்லில் நரநர என்று மண் கடிபடும்.

"கழுவாமலா மாட்டினே?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"சாமி பொட்டைக் கழுவுவாங்களா? முதல் காடி அந்தப் பொட்டோட ஓடணும்னுதான் செஞ்சேன். தட்டிட்டுத்தான்லா மாட்டினேன்."

"எல்லாப் பேட்டும் ஓட்டினியா?"

"நீதானே மாத்தி மாத்தி ஓட்டச் சொன்னே" என்றான். அட பாவி! நான் சொன்னதில் அது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறான், அதுவும் இந்தக் காரியத்துக்கு.

வெள்ளை பேசின் ஒன்றில் தண்ணீர் பிடித்து, ஒரு பேட்டை உள்ளே விட்டு அமுக்கினேன். ரத்தம்போல் சிவப்பாக வந்தது. இன்னும் அமுக்கினேன். சந்தனக் குழம்பு வந்தது. பேசின் அடியில் பொடிப் பொடியாக மணல் தங்கியது. ஒரு பொரியும் பாதி உடைந்து மிதந்து வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. தெரிந்துவிட்டது அவனுக்கு. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தப்பு என்று சொன்னானா? "சாமிக்கு வெச்சதால கீறல்னு சொல்றியா? சாமி குத்தம் ஆயிடும், வாயைக் கழுவு" என்றான். அண்ணி உடனே சேர்ந்துகொண்டாள். "வருஷா வருஷம் வெக்கிறோம், இந்த வருஷம் மட்டும் ஏன் ஆவுது? தீட்டுதான்." முந்தின வருஷங்களில் எல்லாம் அவர்கள் பொட்டு வைத்தது அண்ணன் ஏற்கனவே கொன்று போட்ட பேட்டுக்கு. முதல் காடிக்கே புதுப் பேட் பிரிப்பார்கள். இந்த வருஷம்தான் உயிரோடு ஏழு பேட் இருந்தது. நான் உயிரோடு வைத்திருந்ததுதான் வினையாய்ப் போயிற்று. இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு சொல்வது?

ஏழு பேட்டையும் கழுவலாம். ஆனால் பஞ்சுக்குள் போன மணல் ஒரு நாளில் வராது. வந்ததா இல்லையா என்று கறுப்புக் காடி மேல் வைத்தா சோதிப்பது? புதுப் பேட் கையிருப்பில் இல்லை, சொல்லிவிட்டால் வர ஒரு வாரம். நாலு மணிக்குப் பெரியவர் வருவார்.

டின்னைத் திறந்தேன். மஞ்சள் பேட்.

"இது நான் தூக்கிப் போட்டதாச்சே" என்றான் அண்ணன்.

"ஆமா. நீ தூக்கிப் போட்டதுதான்."

மெஷினை எடுத்தேன். அண்ணி வாசலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு, "கல்யாணக் காடி! தீட்டோட தொடாதே! அந்தப் பொண்ணு வாழ்க்கை என்னாவுறது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் ஒரு எட்டு எடுத்து வைத்தான். பிறகு காடியைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், ஒதுங்கிக்கொண்டான். அவனுக்கு வேறு வழி இல்லை. என் மேல் நம்பிக்கை வந்து விலகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பானெட். நைஸ் மருந்து நாலு சொட்டு, அதற்கு மேல் இல்லை. மெஷினைச் சும்மா வைத்தேன், அமுக்கவில்லை. அதன் கனமே அதற்குப் போதும். மெதுவான சுற்று. நேராக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. கை உதறவில்லை. ஒரே ஒரு பேட்தானே, ஆற வைக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் பிரஷால் தேய்த்து, பஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். சூடு என்றால் கழற்றிக் காற்றாட வைத்துவிட்டு நிற்பேன். அண்ணன் பொறுக்க மாட்டாமல், "சீக்கிரம்லா, சீக்கிரம்லா" என்பான். "வாயை மூடிட்டு ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு" என்றேன். திருப்பினான். அந்தக் கடைக்குப் போய் ஒரு வருஷத்தில் நான் சொல்லி அவன் மறுபேச்சில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான்.

ஒட்டிய துணி விட்டுப் போனால் கதை முடிந்தது. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். விடவில்லை. காலைப் பசியாறவும் இல்லை, மத்தியானச் சோறும் இல்லை. இடுப்பு கடுத்தது, அடிவயிறு இழுத்தது. காடியின் கூரைக்குச் சாய்ந்து பாலிஷ் போடும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வலியோடு நான் நிற்கிறேன், இதையே குற்றம் என்று சொல்கிறவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க இன்னும் நேராக நின்றேன். மூன்றரைக்குக் கடைசிக் கதவை முடித்து, மெல்லிய துணியால் துடைத்து, காடியை வெளியே தள்ளச் சொன்னேன். நல்ல வேளை, மழை இல்லை. வெயில் சாய்ந்து அடித்தது. சுற்றி வந்து பார்த்தேன். கறுப்பு, வெறும் கறுப்பு.

நாலு மணிக்குப் பெரியவர் குடையோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து, முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அண்ணன் அவருக்குப் பின்னாலேயே போனான்.

"சின்னத் தப்பு நடந்துபோச்சு சார். என் தங்கச்சி கழுவின பேட்ல மண்ணு இருந்திருக்கு. பொம்பளைப் பிள்ளை, கவனிக்கல. நானே எல்லாம் சரி பண்ணிட்டேன்."

நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். மஞ்சள் பேட் என் கையில் இன்னும் சூடாக இருக்கிறது. கூடப் பிறந்தவன், என் முகத்துக்கு நேரே சொல்கிறான். அப்போது பார்த்து அண்ணி உள்ளேயிருந்து சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். "கல்யாணக் காடி, சும்மா அனுப்பக் கூடாது" என்று விரலைக் கிண்ணத்தில் முக்கி, பானெட் பக்கம் கொண்டுபோனாள். நான் காலையிலிருந்து இழைத்த பானெட்.

"கையை எடுங்க அண்ணி!"

பாசார் வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணியின் விரல் அப்படியே நின்றது. நான் போய் வெள்ளை பேசினைத் தூக்கி வந்து பெரியவருக்கு முன்னால் மேஜையில் டக்கென்று வைத்தேன். சிவப்புத் தண்ணீர் தளும்பியது.

"சார், இதுதான் உங்க காடியைக் கீறினது. சந்தனம், திருநீறு, பொரி மண்ணு. நான் சுத்தமா வெச்சிட்டுப் போன பேட்டுக்கு இவங்க பொட்டு வெச்சு, கழுவாம ஓட்டினாங்க. நான் கடையிலேயே இல்ல, வரக் கூடாதுன்னுட்டாங்க." பிறகு அண்ணியிடம் திரும்பி, என் கையை நீட்டினேன். "பொட்டு வெச்சே ஆகணும்னா இந்தக் கையில வைங்க. இந்தக் காடியைச் சரி பண்ணினது இந்தக் கைதான். இன்னிக்கு எனக்கு மூணாம் நாளு, தலைக்குக்கூட ஊத்தல. சார், கல்யாணக் காடி, உங்களுக்கு ஆகாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பா வயசு ஆண்பிள்ளை முன்னால் எந்தப் பெண்ணும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி "சிவ சிவா" என்றாள்.

பெரியவர் பேசினுக்குள் விரலை விட்டார். அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி காடியிடம் போய், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். கதவுக்குக் கதவு குனிந்தார், கூரையைப் பார்க்க எக்கினார், பின்பக்கம் சுற்றி வந்தார். கடைசியில் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு கீறலும் இல்லை, பிள்ளை" என்றார்.

அண்ணனிடம் சாவியைக் கேட்டு வாங்கினார். குடையைப் பின் சீட்டில் வைத்தார். பொட்டு இல்லாமலே காடியை எடுத்துக்கொண்டு போனார்.

காடி முனை திரும்பியதுதான் தாமதம், அண்ணன் பிடித்துக்கொண்டான். "பெரிய மனுஷன் முன்னாடி என்ன பேச்சு பேசறே? என் மானமே போச்சு!"

"காடி பூரா கீறி வெச்சியே, அப்ப போகலையா அந்த மானம்? என் மேல பழி போட்டியே, அப்ப போகலையா?" என்றேன். இன்றுவரை அவன் கேட்காத மன்னிப்பை நானும் கொடுக்கவில்லை. முப்பது வருஷம் ஆகப் போகிறது, நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று சாயங்காலம் வழக்கம்போல் வாளிகளை எடுத்து வைத்தேன். மஞ்சள் பேட்டை முதலில் கழுவினேன். பிறகு பொட்டு வைத்த ஏழு பேட்டையும் ஒவ்வொன்றாகச் சிவப்புப் போகிற வரைக்கும் அமுக்கி, துணி மேலே பார்க்கக் கவிழ்த்துக் காய வைத்தேன். கறை முழுசாகப் போகவில்லை. இனி பம்பருக்கும் டயர் ஓரத்துக்கும்தான் ஆகும் என்று பையில் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை ஒரு வெள்ளைக் காடி வந்தது. அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நின்றான், ஆனால் கையை வைக்கவில்லை. எனக்கு எத்தனையாம் நாள் என்று அண்ணி கேட்கவில்லை. எடுத்துக்கொள் என்று அவனும் சொல்லவில்லை. நான் போய் எடுத்தேன்.